மாமாங்கத்தார் நின்ற சந்தி

பேபி அக்காவிடம் கார் பழகி ஏச்சு வாங்காதவர் இந்தப் பனி நாட்டில், எங்கள் வெக்ஸ்போர்ட் பகுதியில் இல்லை. எனக்கும் வயிறு நிறையக் கிடைத்தது. பழக்குவதில் கெட்டிக்காரிதான். வாய் பொல்லாதது.

மாமாங்கத்தாருக்கு இன்னும் கூடக் கிடைத்தது. மட்டக்களப்பு ஆள், ஐம்பது வயது. ஏஜாக்ஸில் ஒரு கிடங்கில் விடியற்கால வேலை காத்திருந்தது. அந்த நேரத்தில் அங்கே பஸ் ஓடாது. லைசென்ஸ் இருந்தால்தான் எடுப்பார்கள். மனிதரோ பச்சை விளக்கிலும் தயங்கி நின்று இரண்டு தரம் சோதனையில் கோட்டை விட்டிருந்தார். இம்முறையும் விட்டால் வேலை வேறு ஆளுக்கு.

சந்தி விளக்கைப் பனி மூடினால் என்ன செய்வது என்று ஒருநாள் கேட்டார். அக்கா சிரித்தார். விளக்கின் சூட்டில் பனி தானாக உருகிவிடும், நிற்பதற்குச் சாட்டுத் தேட வேண்டாம் என்றார். அது அக்கா கார் பழகிய காலத்துப் பல்புகளின் கதை. இப்போதுள்ள எல்.இ.டி. விளக்கு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும், சூடு தராது. பனி கொட்டினால் அக்கா வகுப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பவர். அவருக்கு எங்கே தெரியும்!

சோதனைக்கு முதல்நாள் காற்றோடு பனி கொட்டியது. காலையில் வீதி துப்புரவாகி நல்ல வெயில். சோதனை முடிந்து இறங்கிய மாமாங்கத்தாரின் முகம் செத்துப் போயிருந்தது.

"அக்கா, திரும்பவும் நிண்டுட்டன். ஒரு சந்தியில லைற்றே தெரியல்ல."

அக்கா ஆட்கள் பார்க்கப் பார்க்க அவரைக் கிழித்தெடுத்தார். நடுவில் சோதனை அதிகாரி வந்தார். விளக்கு மறைந்திருந்த இடத்தில் நின்று, நாலு பக்கமும் பார்த்துப் போனது மிகச் சரி என்று சொல்லி, பாஸ் தாளைக் கொடுத்தார்.

அக்கா நம்பவில்லை. அந்தச் சந்தியைக் காட்டச் சொன்னார். மாமாங்கத்தார் ஓட்டிப் போய் அங்கே நிறுத்தினார். அக்கா அண்ணாந்து பார்த்தார். விளக்கு முழுக்க வெள்ளை. சிவப்பா பச்சையா தெரியவில்லை. பின்னால் ஒருவர் ஹோர்ன் அடித்தார். அதே நேரம் குறுக்கே ஒரு லொறி வேகம் குறையாமல் பாய்ந்து போனது. அக்கா கையை நீட்டி மாமாங்கத்தாரைத் தடுத்தார்.

"அவன் அடிக்கட்டும். நீங்கள் நில்லுங்கோ."

அன்று பின்னேரம், தன்னிடம் பழகிய ஒவ்வொருவருக்கும் அக்கா போன் எடுத்தார். எனக்கும் வந்தது.

"லைற் தெரியாட்டி நில்லு தங்கச்சி. நான் சொன்னது பிழை."

அக்கா ஏசாமல் வைத்த முதல் போன் அது.