சிவப்பு நூல் தைத்த உறை

பழைய சாமான் கடைகளில் அவளுக்குச் சல்லடையக்கா என்று பேர். பாராட்டி வைத்தார்களா, வயிற்றெரிச்சலில் வைத்தார்களா தெரியாது. தையல்கடையில் காஜா போடுவது அவள் வேலை. பகல் முழுக்கச் சட்டைகளின் பொத்தான் ஓட்டையைச் சுற்றி நூல் கட்டிவிட்டு, வேலை முடிந்தால் வீட்டுக்கா போவாள்? நேரே பழைய சாமான் கடைக்குத்தான். பித்தளைக் கைப்பிடி, பூப்போட்ட பீங்கான் தட்டு, மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, எதையாவது கிளறி எடுத்துவிட்டால் முகத்தில் ஒரு களை வந்துவிடும். "நல்லவேளை, என்னையாவது புதுசா வாங்கினியே" என்பார் வீட்டுக்காரர். "சரியாப் பாக்காம வாங்கிட்டேன்" என்பாள் இவள்.

இந்த வேட்டைக்கென்று ஒரு சாமர்த்தியம் வேண்டும். பிடித்த பொருள் கண்ணில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் கிடக்கும் உதவாக்கரை ஒன்றைத் தூக்கி விலை கேட்க வேண்டும். கடைக்காரருக்கு நம் ஆசை தெரிந்ததோ, தொலைந்தோம். உடனே வாங்க முடியாத நாளென்றால், அதை வேறு எதற்குள்ளாவது ஒளித்துவைத்துவிட்டு வந்துவிட வேண்டும். எல்லாரும் செய்கிறதுதான். அவளும் எத்தனையோ தடவை செய்திருக்கிறாள், ஒருநாளும் மனசு உறுத்தியதில்லை.

அன்று அலமாரியின் கீழ்த்தட்டில், உடைந்த மின்விசிறிக்குப் பின்னால், தோல் உறை போட்ட ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ கிடந்தது. தூக்கிப் பார்த்தாள். உறையின் ஓரக் கிழிசலைச் சிவப்பு நூலால் தைத்திருந்தது. நெருக்கமான காஜாத் தையல், நடுவில் ஒரு இடத்தில் மட்டும் கோணல். அந்தக் கோணல் அவளுடையது. வேலை பழகிய புதிதில், கறுப்பு நூல் தீர்ந்துபோய், அண்ணனுக்காகத் தைத்துக் கொடுத்தது. "கண்றாவியா இருக்கு" என்று சொல்லிவிட்டு அதையே தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தவன் அவன்.

அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, இனி இந்த வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று கிளம்பியபோது அண்ணன் எடுத்துப்போனது இந்த ரேடியோவை மட்டுந்தான். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. அவள் தேடாத இடமில்லை. அப்பா போய்ச் சேர்ந்ததுகூட அவனுக்குத் தெரியுமோ என்னவோ. தூங்கும்போதும் இதைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறவன் விற்பானா? விற்கவே மாட்டான். அப்படியானால் இது இங்கே எப்படி வந்தது?

எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியாதா? செத்தவர்கள் வீட்டைக் காலி பண்ணும்போதுதான் இந்தக் கடைக்கு மூட்டை மூட்டையாகச் சாமான் வரும். அவள் ஆசை ஆசையாக வாங்கியதில் பாதி அப்படி வந்ததுதான். அன்றுவரை அதை நினைத்துப் பார்த்ததில்லை.

"என்னக்கா, ஏதாவது சிக்குச்சா?" என்றார் கடைக்காரர், கல்லாவில் உட்கார்ந்தபடியே.

இதை யார் கொண்டுவந்து கொடுத்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் அவர் சொல்லிவிடுவாரே. அந்த மனுஷன் செத்துட்டாருக்கா என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கேட்காதவரைக்கும் அண்ணன் எங்கேயோ இருக்கிறான். பழகிய கை தன் வேலையைப் பார்த்தது. மூலையில் நின்ற ஓடாத வாஷிங் மெஷினுக்குள் ரேடியோவை இறக்கி மூடியைச் சாத்தியது. வாயும் பழகியதையே பேசியது.

"இந்த மின்விசிறி என்ன விலைங்க?"

"அது உடைஞ்சதுக்கா. சும்மாவே எடுத்துட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்தும் அவள் சோற்றைத் தொடவில்லை. வீட்டுக்காரர் துருவித் துருவிக் கேட்டபிறகுதான் சொன்னாள்.

"கடைக்காரர்கிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"பயமா இருந்துச்சு."

அவர் கேலி பண்ணவில்லை. "கேக்காம விட்டா மட்டும் நடந்தது இல்லைன்னு ஆயிடுமா? நாளைக்குக் கேட்டுடு. நான் வேணா கூட வரேன்." அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் கடைக்குப் போனாள். உள்ளே அலமாரித் தட்டெல்லாம் காலியாகி, சாமான்கள் தரையில் குவிந்து கிடந்தன. கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அதை ஏன்க்கா கேக்குறீங்க" என்று, கேட்காமலே அவர் ஆரம்பித்தார். "நேத்து நீங்க அந்தப் பக்கம் போனீங்க, இந்தப் பக்கம் ஒரு ஆளு வந்தாரு. போன வாரம் ரேடியோ ஒண்ணை வித்துட்டுப் போனவரு. கஷ்டத்துல வித்துட்டேன், மனசு கேக்கல, ரேடியோவ நீங்களே வச்சுக்குங்க, உறையை மட்டும் குடுங்கன்னாரு. அவரு தங்கச்சி தச்சுக் குடுத்ததாம். எனக்கே பாவமாப் போச்சு. ரெண்டு பேரும் கடையவே புரட்டிப் போட்டோம். கிடைக்கல. யாரோ வாங்கிட்டுப் போயிருப்பாங்கன்னு சொல்லிட்டேன். அந்த நாற்காலியில கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாரு. அப்புறம் போயிட்டாரு."

உயிரோடு இருக்கிறான்.

"எங்க போறாருன்னு சொன்னாரா?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னாரு. எந்த ஊருன்னு நான் எங்க கேட்டேன்?"

"திரும்ப வருவாரா?"

"இல்லாத பொருளுக்கு அவரு எதுக்குக்கா வரணும்?"

அவள் போய் வாஷிங் மெஷின் மூடியைத் திறந்தாள். ரேடியோவை எடுத்து வந்து கல்லா மேல் வைத்தாள். கடைக்காரர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஏன்க்கா" என்றார்.

இப்போது அந்த ரேடியோ கடையின் முன்கண்ணாடிக்குப் பின்னால், தெருவில் போகிற எவர் கண்ணிலும் பட்டே தீரும் இடத்தில் இருக்கிறது. விற்பனைக்கு இல்லை. வேலை முடிந்ததும் அவள் வருகிறாள். எதையும் கிளறுவதில்லை. அண்ணன் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்க்கிறாள். அவன் இந்த ஊர்ப்பக்கம் இனி வரவே மாட்டானோ என்று ஒரு பயம். அவள் எழுந்து போன பிறகு வந்துவிடுவானோ என்று அதைவிடப் பெரிய பயம். கதவுச் சத்தம் கேட்டால் பாதி எழுந்துவிடுவாள். வந்தவர் யாரோ எவரோ. ரேடியோவைப் பார்ப்பார், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் எதையோ காட்டி விலை கேட்பார்.