ஆடி அமாவாசைக்கு வந்த நரி

2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.10. நான்கு டிகிரி, தூறல், வடக்கிலிருந்து காற்று. அன்று ஆடி அமாவாசை. சூரியன் மட்டும் இரவு முழுக்க மறையவே இல்லை.

வட துருவத்துக்குப் பக்கத்தில், நார்வேக்குச் சொந்தமான ஒரு தீவு. கடலோர மரக் குடிலின் படியில் சோற்று உருண்டையோடு நின்றிருந்தேன். துபாயில் வேலை பார்க்கும் என் மகள்தான் தன் லீவில் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அவள் அம்மா போய்ப் பதினான்கு மாதம். அங்கே அல் குசைஸ் வீட்டில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

முதல் நாளே வழிகாட்டி விதிகளைச் சொன்னார். தோளில் துப்பாக்கி போட்ட ஒல்லி மனிதர். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன், மொத்தம் பதினொன்று. அவர் இல்லாமல் படியைத் தாண்டக் கூடாது. கரடியைப் பார்த்தால் ஓடக் கூடாது, எல்லாரும் சேர்ந்து நிற்க வேண்டும். உணவை வெளியே வைக்கக் கூடாது. நரி அழகாக இருக்கும், தொடக் கூடாது. அதற்கு வெறிநோய் இருக்கலாம், ஆளைக் கண்டு பயப்படாவிட்டால் இன்னும் சந்தேகம். தினமும் இரண்டு வேளை எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன்.

"அப்பா, ப்ளீஸ். கரடியே போர் அடிச்சுப் போயிடும்" என்றாள் மகள்.

ஜெபல் அலி துறைமுகக் கிடங்கில் முப்பத்து மூன்று வருடம் சரக்கு எண்ணியவன் நான். ஒரு விதியை மீறி ஒரு திர்ஹாம் அபராதம் கட்டியதில்லை. மீறியது ஒன்றுதான், அதுவும் மனைவிக்காக. தினமும் பால்கனியில் காக்கைக்குச் சோறு வைப்பாள். "சாச்சா, மாஃபி கானா, ஃபைன் ஆயேகா" என்று வாட்ச்மேன் கீழிருந்து கத்துவார், சோறு வைக்காதே, அபராதம் வரும் என்று. நான் பயந்துபோய், காக்கை சீக்கிரம் தின்றுவிட்டுப் போகட்டும் என்று பக்கத்திலேயே நிற்பேன். "எண்ணிக்கிட்டே நிக்காதீங்க. வச்சுட்டு உள்ள வாங்க, அப்பத்தான் அது வரும்" என்பாள்.

அவளுக்கு நெஞ்சு வலித்த அன்று, ஆம்புலன்ஸா டாக்ஸியா, எது சீக்கிரம் வரும், எதற்கு எவ்வளவு ஆகும் என்று பதினொரு நிமிடம் யோசித்தேன். மருத்துவமனை வாசலில் போய்விட்டாள். முதல் வருடத் திதிக்குச் சோறு வைத்தேன். தினமும் வருகிற காக்கைகள் அன்று ஒன்றுகூட வரவில்லை. கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அதனால்தான் குசைஸிலிருந்து சின்ன ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். மகள் தூங்கும்போது சமைத்தேன். பருப்பு, நெய், எள். படியைத் தாண்டவில்லை. கைப்பிடிப் பலகையில் வைத்துவிட்டு "கா, கா" என்று மூன்று முறை கூப்பிட்டேன். விதி ஞாபகம் இருந்தது. ஆனால் அது மிச்சம் மீதி உணவுக்கு என்று நினைத்தேன். இது படையல்.

பத்தொன்பது நிமிடம் எதுவும் வரவில்லை. அங்கே காக்கை கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. உள்ளே போயிருக்கலாம். நின்றேன்.

பாறைக்குப் பின்னாலிருந்து நரி வந்தது. நான் நினைத்ததுபோல வெள்ளையாக இல்லை. கோடைக்கு முடி உதிர்ந்து, எங்கள் பால்கனிக் காக்கையின் கழுத்துபோலச் சாம்பல் நிறம். முன்னங்காலைப் பலகையில் ஊன்றிச் சோற்றைத் தின்றது. பிறகு குளிரில் வெடித்திருந்த என் கட்டைவிரலை நக்கியது. கையை இழுத்துக்கொள்ளவில்லை. "வந்துட்டியா" என்றேன்.

எட்டு மணிக்கு வழிகாட்டி வந்தபோதும் அது போகவில்லை. அவரைப் பார்த்தும் ஓடாமல் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அவர் முகம் மாறியது. உங்களைத் தொட்டதா என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியவில்லை, விரலைக் காட்டினேன். யாரிடமோ போனில் பேசிவிட்டு, பேச்சுச் சத்தம் கேட்டு எழுந்து வந்த மகளையும் என்னையும் உள்ளே போகச் சொன்னார்.

ஒரே ஒரு சத்தம்.

மகள் குக்கரைப் பார்த்தாள். "யாருக்குப்பா வச்சீங்க?" நான் அதை மூடி வைத்தேன். "அம்மாக்கா?" என்றவள் என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை. "நல்லாத் தேய்க்கணும்பா, நல்லாத் தேய்க்கணும்" என்று அழுதுகொண்டே தேய்த்தாள்.

வெறிநோய்க்கு முதல் ஊசி அந்தத் தீவிலேயே. மறுநாளே திரும்பிவிட்டோம். இரண்டாவதும் மூன்றாவதும் குசைஸ் கிளினிக்கில், வெளியே நாற்பத்து மூன்று டிகிரி. நான்காவதற்கு முன், நரியின் உடலைச் சோதித்த இடத்திலிருந்து கடிதம் வந்தது. மகள் மொபைலில் வாசித்தாள். பெண் நரி, இளசு. நோய் எதுவும் இல்லை.

பால்கனிக் கதவை நான் இப்போது திறப்பதில்லை. காலையில் ஒரு காக்கை ஏசி பெட்டிமேல் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்க்கிறது. அது பாட்டுக்குப் பயந்தே இருக்கட்டும்.

கடிதம் வந்த அன்று மகள் வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் கணக்கைக் கேலி செய்தே வளர்ந்தவள், கடைசியில் அவளே நோட்டை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"மொத்தம் எவ்ளோப்பா ஆச்சு?"

ஊசி, மாற்றிய விமானச் சீட்டு, உணவை வெளியே வைத்ததற்கு அந்தத் தீவில் போட்ட அபராதம். இரண்டு தடவை கூட்டிப் பார்த்துச் சொன்னேன். ஒன்பதாயிரத்து நானூற்று அறுபத்தைந்து திர்ஹாம்.