இரட்டையருக்கு இரண்டு சீட்டு

பள்ளி விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மாலைக் காப்பகத்தில் குலுக்கல் முறையில் இடம் பெற, பக்கத்து வீட்டு விமலாவுக்கு நான் சொன்னவை:

1. உன் இரட்டைப் பெண்கள் ராதா, கீதாவுக்குத் தனித்தனிச் சீட்டு போடவும். வாய்ப்பு கூடும்.
2. குலுக்கலுக்கு நேரில் போகவும்.

விமலா பாரிமுனையில் டைப்பிஸ்ட். இடம் கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டும். இன்று தாம்பரத்தில் நடந்த குலுக்கலுக்குத் துணையாகப் போனேன்.

முதல் சீட்டே ராதா! விமலா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் இடங்கள் தீரும்வரை கீதாவின் பெயர் வரவில்லை.

குலுக்கியவர் சொன்னார்: "கூடப் பொறந்ததுங்கள ஒரே சீட்ல எழுதிருந்தா ரெண்டையும் சேத்துக்கினு இருப்போமே சார்."

"இன்னொருத்திய எங்க சார் விடறது? ஆபீஸ் டிராயர்லயா?" என்றாள் விமலா.

"என்கிட்ட விடும்மா" என்று சொல்லிவிட்டேன்.

ஏழு வயதுக்காரியிடம் மாலை முழுதும் என்ன பேசுவது? நீங்களே யோசனை சொல்லுங்கள். என்னுடைய முதல் யோசனை தவறு.