பெருநாள் பார்த்த காசு

என் அத்தா சேக் இஸ்மாயில் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் விற்றார். இந்த வருஷம் நோன்பு தொடங்கும் முன்பே இறந்துபோனார்.

வங்கியிலிருந்து புதுச் சில்லறைப் பை வந்தால் அன்று கடையில் வியாபாரம் மந்தம்தான். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு காசாகத் திருப்புவார்.

“என்னண்ணே, சில்லறை கேட்டா பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்க? வண்டி எடுக்கணும்ணே” என்பார்கள் கண்டக்டர்கள்.

“இருப்பா, மாப்ள. மூக்கும் முழியும் சரியா இருக்கான்னு பாத்துட்டுத் தாரேன்.”

அவர் பார்த்தது இரண்டு விஷயம். வருஷத்துக்குக் கீழே இருக்கும் குறி ஒன்று. நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைரம் இருந்தால் மும்பை, புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. இன்னொன்று கீறல். அச்சிலிருந்து விழுந்த நிமிஷமே காசுகள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கிவிடும். கோடிக்கணக்கில் அடித்த காசிலும் முகத்தில் அடிபடாமல் ஊர் வந்து சேர்வது அபூர்வம் என்பார். ஒருமுறை ஒரு ஹைதராபாத் காசைத் தரம் பார்க்க அனுப்பினார். பிளாஸ்டிக் பெட்டிக்குள் எண் போட்டுத் திரும்பி வந்தது.

“எழுபதுக்கு அறுபத்தேழும்மா நாஸியா. நீ கணக்குல இம்புட்டு எடுத்திருக்கியா?”

நான் கல்லூரியில் சேர்ந்த 2011இல்தான் ரூபாய்க் குறியீடு போட்ட காசு முதன்முதலாக வந்தது. அந்த வருஷத்து இரண்டு ரூபாயில் நான்கு ஊர்க் காசும் கீறலில்லாமல் வேண்டும் என்று அத்தாவுக்கு ஆசை. மூன்று கிடைத்து ஆல்பத்தில் ஏறிவிட்டன. நொய்டா மட்டும் எங்கள் பக்கம் வந்த பைகளில் இல்லை. டெல்லிக்கு லாரி ஓட்டும் சுருளி அண்ணனிடம் சொல்லிவைத்தார்.

“எதுக்குண்ணே டெல்லிக் காசு? நம்மூர்க் காசு செல்லாமப் போச்சா?” என்று கேட்டாலும் சுருளி அண்ணன் ஒரு துண்டு நிறைய முடிந்துகொண்டு வந்தார். வழியெல்லாம் குலுங்கியதில் ஏறக்குறைய எல்லாமே அடிபட்டிருந்தன. முடிச்சின் மடிப்புக்குள் சிக்கியிருந்த ஒன்று மட்டும் தப்பியிருந்தது. அத்தா அன்று கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்தார்.

எங்கள் தெருவில் பெருநாள் தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் வீடு வீடாக வருவார்கள். கையில் புதுக்காசு வைக்க வேண்டும். கழித்துப் போட்ட காசுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அத்தா அதற்கென்றே வைத்திருப்பார். தேறியவை தனித்தனிக் கவரில் வேறு டப்பாவில் இருக்கும். நொய்டா காசையும் அதில்தான் வைத்தார், பெருநாள் முடிந்ததும் ஆல்பத்தில் ஏற்றலாம் என்று.

அந்தப் பெருநாளன்று தொழுகை முடிந்து எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லிவிட்டு அவர் வந்தபோது, தேறிய காசு டப்பா திறந்து கிடந்தது.

“நல்லதப் பூட்டி வச்சுக்கிட்டு அடிபட்டதப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்றீங்க. பெருநாளும் அதுவுமா மனசு கேக்கலங்க. மாத்திக் கொடுத்துட்டேன்” என்றார் அம்மா.

“எல்லாத்தையுமா, மரியம்?”

“அம்புட்டையும். கவரப் பிரிக்கத்தான் நேரமாயிருச்சு.”

அத்தா தொப்பியைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகளிடம் கேட்டு வாங்கி வரவா என்றேன். “பெருநாள் காசத் திருப்பிக் கேக்குறதா? கொடுத்தாச்சு” என்றார். பிரியாணித் தட்டை அப்படியே மூடி வைத்தார். சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு லென்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். நானும் கூடவே போனேன். எந்தப் பிள்ளை கைக்குப் போன காசும் பொழுது சாய்வதற்குள் அப்துல் ஹலீம் மாமாவின் ஐஸ் கடைக்குத்தான் வரும்.

“என்ன மச்சான், பெருநாளன்னிக்கு என் கல்லாவ ஆடிட் பண்ண வந்துட்டீங்களா?”

“ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன், மச்சான். உமக்கு வியாபாரம் கெடாது.”

கல்லாவில் காசு விழ விழ எடுத்துப் பார்த்தார். அந்தி மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்பு ஈரக்கையோடு ஒரு சிறுமி நீட்டிய காசில் 2011க்குக் கீழே புள்ளி இருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். சிங்கத்தின் முகத்தில் குறுக்காக ஒரு கோடு. விளிம்பில் சிமெண்டில் தேய்ந்த தடம்.

“ஒரு பகல்ல இம்புட்டு ஊர் சுத்திருக்கு” என்றார். பிறகு சிரித்துவிட்டார். ஹலீம் மாமாவுக்கு வேறு இரண்டு ரூபாய் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஆல்பத்தின் நான்காவது குழியில் அதையே வைத்தார்.

ஆல்பத்தைப் பார்க்க வரும் நண்பர்கள் அந்தப் பக்கத்தில் நின்றுவிடுவார்கள். மூன்று முதல்தரம், கூடவே இது ஏன் என்பார்கள். “அது பெருநாள் பார்த்த காசு” என்பார் அத்தா. கீறலில்லாத நொய்டா காசு மாற்றித் தருவதாக ஒருவர் சொன்னபோதும் வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த பெருநாளிலிருந்து பிள்ளைகளின் டப்பாவில் நல்ல காசையும் அவரே கலந்து போட்டார்.

அவர் கடைசியாக வங்கியிலிருந்து வாங்கி வந்த சில்லறைப் பை கடையில் பிரிக்காமலே இருந்தது. இந்தப் பெருநாளுக்கு அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கணவர் இறந்தபின் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தாவில் அம்மா இருந்ததால் வாசலுக்கு வரவில்லை. உள்ளேயிருந்தபடியே பையை அவிழ்த்தார்.

“எது நல்லது, எதக் கழிக்கணும்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாதும்மா.”

லென்ஸ் ஆணியில் தொங்கிய அத்தாவின் சட்டைப் பையில்தான் இருந்தது. அம்மா அதை எடுக்கச் சொல்லவில்லை. காசு முழுவதையும் டப்பாவில் கொட்டி என் கையில் கொடுத்தார். பிள்ளைகள் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.