அப்பாவிடம் நானே சொன்னது

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்தில், அக்காள்களுக்குப் பின் கடைக்குட்டியாகப் பிறந்தவர் எங்கள் அப்பா. தாத்தா சீக்கிரமே காலமாகிவிட, படிப்பைப் பாதியில் விட்டு வயலில் இறங்கி, அக்காள்கள் அத்தனை பேரையும் கரையேற்றியவர். நடவாள்களிடமும் டீக்கடையிலும் வாய் ஓயாமல் பேசுவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது பேச்சையும் கழற்றி வைத்துவிடுவார்.

அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் அம்மாதான் தபால். நான் எதிரில் நின்றாலும், "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்பார். நானும் அப்படித்தான்.

நான் ப்ளஸ் டூ தொடங்கியபோது, என் அக்காவின் இரண்டாவது பிரசவத்துக்காக அம்மா திருப்பூர் போனார். அப்பாவும் நானும் நன்றாக மாட்டிக்கொண்டோம். மோட்டாரை நிறுத்தும்படி என்னிடம் சொல்ல, அப்பா அம்மாவுக்குப் போன் செய்தார். நிறுத்திவிட்டேன் என்று சொல்ல நானும் அம்மாவுக்கே செய்தேன். கடைசியில், அப்பா நினைத்திருந்தபடி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை, நர்ஸிங் படிக்க ஆசை என்று அப்பாவிடம் சொல்லும்படி அம்மாவைக் கெஞ்சினேன்.

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு திருப்பூர் வழியாவா பேசுவீங்க? நீயே சொல்லு" என்று போனை வைத்துவிட்டார்.

அன்று ராத்திரி அடுப்படியில் அப்பா கஞ்சி வடிக்கப் போனார். நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் வடிக்காமல் அப்படியே நின்றுவிட்டதில் சாதம் குழைந்துபோனது. அதையே தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்குப் பிடிக்கல தம்பி. இருந்தாலும் முழுசா சொல்லு, கேக்குறேன்."

அம்மா திரும்பி வந்த பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. வயலுக்குப் போகும் வண்டியில் பேசினோம், சண்டை போட்டோம், அவர் சின்ன வயதில் படிக்க ஆசைப்பட்டதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சம்மதம் மட்டும் அவர் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அப்பா கிடைத்தது அந்தச் சில மாதங்களில்தான்.

குறுவை நெல் அறுப்பன்று காலையில், "சாயந்தரம் ஒன் காலேஜ் விஷயத்தைப் பேசி முடிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எங்களைப் பிரிந்தார். அவர் என்ன சொல்ல இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. சாயங்காலமானால் அவரிடம் அதைக் கேட்க வேண்டும் என்று மனசு இன்னமும் ஏங்குகிறது.

அன்று அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய அறுவடை மெஷின் டிரைவர் அண்ணனுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய அத்தைமார்களுக்கும், இந்த வருடம் என்னை நர்ஸிங் கல்லூரியில் சேர்த்துவிட்ட மாமாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இடம் கிடைத்த அன்று, அப்பாவின் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம், அப்பாவிடம் சொல்லச் சொன்னேன்.

அம்மா தள்ளி நின்று எனக்கு இடம் விட்டார்.

"நீயே சொல்லு."