இங்கே நலம் விசாரிக்கக் கூடாது

என் அண்ணி உட்கார்ந்து நான் பார்த்தது தையல் மிஷினுக்கு முன்னால் மட்டும்தான். அப்போதும் கால் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. எங்கள் குடியிருப்பில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். வயதில் என்னைவிடச் சின்னவள், முறைக்கு அண்ணி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடி வீட்டுக்கு ஓடுவாள். பாலைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நான். நாத்தனார் என்றால் வீட்டில் ஒரு அதட்டல் உருட்டல் இருக்க வேண்டாமா? எனக்கு வாய்த்தது பாலுக்குக் காவல்.

நிஜக் காவல் வேலை என் அண்ணனுக்கு. பெரிய அலுவலகம் ஒன்றின் வாசலில் செக்யூரிட்டி. பொழுதெல்லாம் கறுப்பு ஷூ மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அண்ணி துணிக்கடைக்காகப் பேண்ட்டுகளுக்கு இடுப்புக் கொக்கி வைத்துக் கொடுப்பாள். வீடு முழுக்கக் கொக்கிதான். பாயில் இருக்கும், சீப்பில் இருக்கும், ஒருமுறை என் டீ டம்ளரின் அடியில் கிடந்தது. கேட்டால், இரும்புச் சத்து நல்லதுதானே என்பாள்.

அண்ணனுக்குச் சுகர். அவனுக்கு மட்டுமா, எங்கள் படிக்கட்டில் எந்தக் கதவைத் தட்டினாலும் ஒருவருக்கு இருக்கும். ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே சுகர் பிரிவை மதியத்துக்குள் மூடிவிடுவார்கள். போனால் அன்றைய சம்பளம் போச்சு. சாலைக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு அவர்கள் அலுவலகத்துக்கே வந்து சோதனைக்கு ரத்தம் எடுத்து, பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள். ஒரே நோய்தான், நடுவில் ஒரு சாலை. அந்த அலுவலகத்தின் கதவைத் திறந்துவிடுகிறவன் என் அண்ணன். அவன் ரத்தத்தை யாரும் கேட்டதில்லை. எனக்கு இதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணி கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். லீவு போட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்ற அண்ணன், ஒருநாள் விளையாட்டாகச் சொன்னான்: "ஆஸ்பத்திரி நம்ம வாசலுக்கு வரட்டும், நான் வரேன்."

அவன் சொன்னது ஜோக். அண்ணிக்கு ஜோக் புரிந்த பழக்கம் கிடையாது.

அவள் எங்கெங்கோ விசாரித்து ஒரு அறக்கட்டளையைப் பிடித்தாள். எங்களைப் போன்ற குடியிருப்புகளில் சுகாதார வேலைக்கு அவர்கள் நிதி தருகிறார்கள். ஒரு நிபந்தனை, வெளியாட்கள் வந்து நடத்தக் கூடாது. நோய் யாருக்கோ அவர்களே திட்டம் போட்டு அவர்களே நடத்த வேண்டும். கீழ்த்தளத்தில் சும்மா கிடந்த மோட்டார் அறையைச் சுத்தம் செய்வது, சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஒரு நர்ஸை வைப்பது, யார் வரவில்லை என்று பார்த்து எங்களில் ஒருவர் போய்க் கதவைத் தட்டுவது. இதுதான் அண்ணியின் திட்டம். விண்ணப்பத்தை எழுதியது நான். அவள் பின்னால் நின்று, குறுக்கும் நெடுக்குமாக நடந்து, என் உயிரை எடுத்தாள். ஊருக்காக உழைக்கிறாள் என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்குத் தெரியும், எல்லாம் அந்த ஒரு ஆளுக்காக.

விண்ணப்பம் முதல் கட்டம் தாண்டியது. அறக்கட்டளை மேடம் நேரில் வந்து மக்களிடம் பேசுவார், அதை வைத்துத்தான் முடிவு என்றார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்று அண்ணி வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அங்கேதான் கோட்டை விட்டோம். வெளியாள் வருகிறார் என்றதும் படிக்கட்டைக் கழுவினார்கள். வெளியே போகும்போது மட்டும் உடுத்தும் துணியை எடுத்து உடுத்தினார்கள். மேடம் நல்ல பெண்மணி. தரையிலேயே உட்கார்ந்து, முதலில் மேல்மாடி சமையல்காரரிடம் கேட்டார்: "எப்படி இருக்கீங்க?"

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கோம்மா."

அந்த மனிதருக்குக் கண் பாதி தெரியாது. அடுத்து மெக்கானிக்கின் மனைவி, போன மாதம்தான் மயங்கி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டவள். வாயைப் பொத்திச் சிரித்தபடி, எனக்கென்ன குறை, ராணி மாதிரி இருக்கிறேன் என்றாள். ஒருவர் பாக்கியில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் அன்பாக நலம் விசாரித்தால் நமக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான். அண்ணி கண்ணைக் காட்டினாள், தொண்டையைக் கனைத்தாள், நின்ற இடத்தில் நிற்க முடியாமல் தவித்தாள்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வேலை முடிந்து சீருடையோடு வந்தான். மேடம் அவனிடமும் கேட்டார்.

"ஒரு குறையும் இல்லீங்க மேடம். சுகர் கொஞ்சம் இருக்கு. அது யாருக்குத்தான் இல்ல?"

மேடம் எழுந்துகொண்டார். எல்லோரும் நன்றாக இருப்பதைப் பார்க்கச் சந்தோஷம் என்றும், இந்த வருடம் இதைவிட அவசரமான இடங்கள் சில இருக்கின்றன என்றும் பக்குவமாகச் சொன்னார்.

அண்ணி அண்ணனுக்கு முன்னால் போய் நின்றாள். "ஷூவைக் கழட்டுங்க."

"வெளியாளுக்கு முன்னாடியா? நாத்தம் அடிக்கும். சும்மா இரு."

அவள் அப்படியே மண்டியிட்டு, கயிற்றை இழுத்து, அவன் காலை இழுத்துக்கொள்வதற்குள் ஷூவை உருவிவிட்டாள். வெடித்த குதிகாலைக் காட்டலாம் என்றுதான் நினைத்திருந்தாளாம். ஷூவிலிருந்து என்னவோ தெறித்துத் தரையில் விழுந்தது. பேண்ட் கொக்கி. சாக்ஸ் விரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உரித்தபோது மெக்கானிக்கின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

அண்ணன் தன் காலை அடுத்தவன் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "வலிக்கவே இல்லியே," என்றான். அது உண்மை, சுகரில் கால் மரத்துப்போயிருந்தது. எத்தனை நாளாக அந்தக் கொக்கியின் மேல் நின்றானோ, அவனுக்கே தெரியாது.

அண்ணி கொக்கியை எடுத்தாள். புரட்டிப் பார்த்தாள். பார்க்க என்ன இருக்கிறது, அவள் கொக்கிதான். ஊரில் இருக்கிற எல்லோர் உடம்புக்காகவும் ஓடியவள், கூடவே படுத்த மனிதனின் காலைப் பார்க்கவில்லை. அவளை எத்தனையோ முறை சீண்டியிருக்கிறேன். அன்று நானும் அவள் பக்கத்தில் மண்டியிட்டேன்.

மேடம் தன் காரிலேயே அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள்.

நிதி வந்தது. மோட்டார் அறைக்கு வெள்ளையடித்து, நாற்காலி போட்டு, நர்ஸும் வந்தாயிற்று. சுவரில் அண்ணி பெரிய எழுத்தில் எழுத வைத்திருக்கிறாள்: இங்கே நலம் விசாரிக்கக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். உள்ளே போனால் யாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதில்லை. காலைக் காட்டுங்கள் என்பார்கள்.

அண்ணி இப்போதும் பம்பரம்தான். முன்னைவிட மோசம். பால் இப்போதும் என் பொறுப்பு. ஆனால் அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது மட்டும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து தரையில் உட்காருகிறாள். ஷூவை மடியில் வைத்துக் கையை உள்ளே விட்டு, நுனியிலிருந்து குதி வரைக்கும் தடவிப் பார்க்கிறாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் இன்னொரு முறை தடவுகிறாள். நேரமாகிறது, நான் நல்லாத்தானே இருக்கேன் என்கிறான் அண்ணன். அவள் காதில் வாங்குவதில்லை.