உதயகலா பேப்பர் கப் கேட்ட கதை

எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டு அடுப்பில் கேத்தில் ஏறினாலும் உதயகலாவுக்கு எப்படியோ தெரிந்துவிடும். "சும்மா வந்தனான்" என்று சொல்லிக்கொண்டே படலையைத் திறப்பாள். கழுத்தில் அளவு நாடா தொங்கும். தையல்காரி அல்லவா, யாரையாவது அளக்க வந்ததாகச் சாட்டுச் சொல்லலாம். உண்மையில் அவள் வருவது பிளேன்ரீக்கு. கீரிமலைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் அவள் தேத்தண்ணி குடிக்காத வீடு ஒன்று இருந்தால், அது ஆளில்லாத வீடாகத்தான் இருக்கும்.

தகப்பன் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. முகாமில் வளர்ந்து, முகாமிலேயே தையல் பழகி, ஆமியிடமிருந்து ஊர் விடுபட்டதும் தையல் மெசினோடு முதல் ஆளாக வந்து இறங்கினாள். கல்யாணம் நடக்கவில்லை. "பொம்பிளை பாக்க வந்தவை எல்லாரும் தேத்தண்ணி நல்லாயிருக்கு எண்டு சொல்லிப்போட்டுப் போட்டினம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கேட்கிற எங்களுக்குத்தான் சிரிப்பதா விடுவதா என்று தெரியாது.

எங்கள் மாதர் சங்கம் மாதத்துக்கு ஒருமுறை பத்மாசினி ரீச்சர் வீட்டு விறாந்தையில் கூடும். இளைப்பாறிய ஆசிரியை, சங்கத் தலைவி. வேறு யாரும் தலைவியாக வர நினைத்ததில்லை, ரீச்சரும் நினைக்க விட்டதில்லை. கூட்டம் முடியச் சுவிசிலிருந்து மகன் அனுப்பிய பூப்போட்ட பீங்கான் கப்பில் தேத்தண்ணி வரும். உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் வருவது அதற்காகத்தான்.

அந்த வருடம் சங்கத்துக்குப் புதிதாக வந்தவள் யோகலெட்சுமி. தூர ஓட்ட பஸ் ஓடுகிற நிருஷன் மலையகத்து அட்டனில் கண்டு, விரும்பி, கட்டிக்கொண்டு வந்த பெண். தாய் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறவர். 'தோட்டக்காட்டுப் பெட்டை' என்று ஒழுங்கை குசுகுசுத்தது. எனக்கு அதைக் கேட்கப் பத்திக்கொண்டு வரும். விடிய எழும்பியதும் இவர்களுக்குத் தேயிலை வேண்டும். அதைக் கிள்ளியவளின் மகள் மட்டும் பக்கத்தில் இருக்கக் கூடாதாம்.

புரட்டாதிக் கூட்டத்தில் தேத்தண்ணித் தட்டம் வந்தது. எல்லோருக்கும் பீங்கான். யோகலெட்சுமிக்கு மட்டும் வெள்ளைப் பேப்பர் கப். உதயகலா அதைக் கண்டதும் கண்ணை விரித்தாள். ஏதோ புதுச் சாமான், விருந்தாளிக்கு விசேஷ மரியாதை என்று நினைத்துவிட்டாள்.

"ஐயோ ரீச்சர், உது நல்ல வடிவாயிருக்கு. எனக்கும் உதிலை ஒண்டு தாங்கோ."

"உனக்கேன்? உனக்குத்தான் கப் தந்திருக்கெல்லே."

"இல்லை, எனக்கு உதுதான் வேணும்."

"சொன்னாக் கேள், உதயகலா. உது வாற போற ஆக்களுக்கு வாங்கி வைச்சது."

யோகலெட்சுமி குனிந்து தேத்தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதயகலாவுக்கு எதுவும் விளங்க ஒரு மிடறு பிடிக்கும். மிடறு இறங்கியது, விளங்கியது. முகம் கறுத்துப் போனது. அந்தக் காலத்தில் சாதி பார்த்துச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள், இப்போது பேப்பர் கப். நாகரிகம் வளர்ந்துதான் இருக்கிறது.

திரும்பி வரும்போது நாங்கள் மூவரும் ஒன்றாக நடந்தோம். யோகலெட்சுமிதான் முதலில் வாய் திறந்தாள்.

"ஏங்க்கா அதக் கேட்டீங்க? எனக்குச் சங்கடமாப் போச்சு."

"எனக்குத் தெரியாமப் போச்சு பிள்ளை. சத்தியமாத் தெரியாது."

"எனக்குத் தெரியும்க்கா. இந்த ரோட்டுல மூணு வீட்ல எனக்கு அதுதான்." வயிற்றில் கையை வைத்தாள். "தீபாவளிக்கு ஊருக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்னு அவர்கிட்டச் சொல்லிட்டேன். நான் குடிச்சிருவேன், பரவால்ல. நாளைக்கு என் புள்ளைக்கும் அதையே நீட்டினா?"

 

அடுத்த நாளிலிருந்து உதயகலா வீடு வீடாகப் போனாள். நாடா கழுத்தில் இருந்தது. ஆனால் தேத்தண்ணி நீட்டினால் வேண்டாம் என்றாள். ஒழுங்கை கலங்கிப் போனது. சீனி வியாதியோ, யாரும் செய்வினை செய்துபோட்டார்களோ என்று ஆளுக்கொரு கதை. அப்படி ஆட்களைப் பயப்படுத்தி உட்கார வைத்துவிட்டுத்தான் அவள் விஷயத்தைச் சொன்னாள். தீபாவளிக்கு முந்திய கூட்டத்தில் எல்லோரும் பேப்பர் கப் கேட்க வேண்டும், பீங்கானை ஒருத்தியும் தொடக் கூடாது.

குணலட்சுமி அக்காவிடம்தான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அந்த மூன்று வீட்டில் அவருடைய வீடும் ஒன்று.

"உனக்கென்ன விசரே? ரீச்சரோடை ஆர் கொழுவுறது?"

"அக்கா, முகாமிலை இருக்கேக்கை ஆற்றை தேத்தண்ணிப் பேணியிலை குடிச்சனீங்கள்?"

"அது முகாம். அங்கை ஆர் பேணி பாத்தது?"

"பாக்கேல்லைத்தானே. முகாமுக்கு வெளியாலை எப்பிடி? எல்லா வீட்டிலையும் மரியாதையாத் தந்தவையோ?"

 குணலட்சுமி அக்கா மெதுவாகச் சொன்னார்: "ஒரு வீட்டிலை கிணத்திலை அள்ள விடேல்லை. அகதியள் வாளியிலை கை வைக்கப்படாது எண்டு அவையே தூரத்திலை நிண்டு ஊத்தினவை. அம்மா அண்டைக்கு முழுக்க அழுதவ."

உதயகலா நாடாவைச் சுருட்டினாள். அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, "சரி, நானும் கேக்கிறன். என்ரை மகளின்ரை சட்டையை மட்டும் தீபாவளிக்கு முன்னம் தைச்சுத் தந்திடு" என்றார்.

ஐப்பசிக் கூட்டம் வந்தது. தட்டமும் வந்தது. முதலில் உதயகலா. "எனக்குப் பேப்பர் கப்பிலை தாங்கோ ரீச்சர்." அடுத்தது குணலட்சுமி அக்கா. அடுத்தது நான். விறாந்தையைச் சுற்றி ஒருவர் விடாமல் அதையே கேட்டோம். ரீச்சர் தட்டத்தோடு நடுவில் நின்றார்.

"இதென்ன கூத்து?"

"கூத்தில்லை ரீச்சர். நாங்களும் வாற போற ஆக்கள்தானே. இவ்வளவு காலமும் ஊர் ஊராய் வந்து போனனாங்கள்" என்றாள் உதயகலா.

ரீச்சர் தட்டத்தை வைத்துவிட்டு உள்ளே போய்ப் பேப்பர் கப் பக்கற்றைக் கொண்டு வந்தார். அதில் இரண்டே இரண்டு கிடந்தன. ஒருத்திக்கென்று வாங்கியது சங்கத்துக்குக் காணுமா?

"பறவாயில்லை ரீச்சர், வாங்கிக்கொண்டு வாங்கோ. நாங்கள் இருக்கிறம்" என்றாள் உதயகலா. இருந்தோம். தேத்தண்ணி ஆறியது. அதை உதயகலா பார்த்த பார்வையைக் கண்டு எனக்கே பாவமாக இருந்தது.

"நான் உவளை ஒரு சொல்லும் சொல்லேல்லையே" என்றார் ரீச்சர்.

"சொல்லேல்லை. நீட்டினனீங்கள்" என்றாள் உதயகலா.

அப்போதுதான் யோகலெட்சுமி எழும்பினாள். "ஆறிப் போச்சுங்க. வேற போட்டுட்டு வர்றேன்" என்று தட்டத்தைத் தூக்கிக்கொண்டு நேரே குசினிக்குள் போனாள். ரீச்சரின் குசினியை இத்தனை வருடத்தில் நான்கூட எட்டிப் பார்த்ததில்லை. ரீச்சர் ஒரு அடி எடுத்து வைத்தார், எங்கள் எல்லோருடைய கண்ணும் தன் மேல் இருப்பதைக் கண்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். உள்ளே கேத்தில் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆவி பறக்கப் பறக்கப் பீங்கான் கப்புகள் வந்தன. முதல் கப் ரீச்சருக்கு. கடைசிக் கப்பைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, கதிரையில் சாய்ந்து இருந்தாள் யோகலெட்சுமி. பூப்போட்ட கப்தான். ஒருத்தியும் வாய் வைக்கவில்லை. ரீச்சர் கப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒரு மிடறு குடித்தார்.

"சீனி காணாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உதயகலாவும் வாயைத் திறந்துவிட்டாள். ஆனால் யோகலெட்சுமி முந்திக்கொண்டாள்.

"அப்ப அடுத்த கூட்டத்துக்கு நீங்களே போடுங்க டீச்சர். நான் குடிச்சுப் பாத்துக் குறை சொல்றேன்."

அடுத்த கூட்டம் தீபாவளி கழித்துத்தான் வரும். அதைக் கேட்ட சந்தோஷத்தில் அவசரமாக ஒரு மிடறு குடித்த உதயகலாவுக்குத் தேத்தண்ணி புரைக்கேறிக் கண்ணாலும் மூக்காலும் ஓடியது. யோகலெட்சுமி எழும்பிப் போய் அவள் உச்சந்தலையில் தட்டிக்கொண்டு நின்றாள்.